தோல்விக்குக் காரணம் காட்டிய இயந்திரம்: ஆரம்பகாலக் கணனி ஆட்டங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

கணனி ஆட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுந்தோர் பலரும் ‘முதலாவது கணனி ஆட்டம் யாது?’ என்னும் வினாவிலேயே தம் ஆராய்ச்சியைத் தொடங்குவர். விடைகளோ ஒன்றோடொன்று முரண்படுவன. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சார்ந்த இளைஞர் சிலர் இயற்றிய ‘ஸ்பேஸ்வோர்’ என்னும் விண்கலப் போர் ஆட்டத்தை முதலாவதாகக் கொள்வோர் உளர். 1958இல் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர் பார்வையாளரை மகிழ்விக்கவென அமைத்த ரெனிஸ் ஆட்டத்துக்கே அச்சிறப்பு உரியது என்போரும் உளர். 1952இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். டக்ளஸ் இயற்றிய, பூச்சியமும் புள்ளடியும் இட்டு ஆடும் ஒன்பது கட்ட ஆட்டம் திரையிலே தோன்றியமையால் அதுவே முதலாவது என வாதிடுவோரும் இல்லாமலில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட, மின்குமிழ்களால் மட்டுமே தம் நிலையைக் காட்டிய இயந்திரங்கள் சில, இவ்வாதங்களில் முன்னுரையாகவோ அடிக்குறிப்பாகவோ மாத்திரமே இடம்பெறுகின்றன.

இவ்வாதங்கள் யாவற்றுக்கும் அடிப்படையாயமைந்த அளவுகோல் கூர்ந்து நோக்கத்தக்கது. திரை இருந்ததா, அத்திரையில் உருவங்கள் அசைந்தனவா, மகிழ்வூட்டுவதே நோக்கமாக இருந்ததா என்பனவே இங்கு கேட்கப்படும் கேள்விகள். 1970களில் தோன்றி வளர்ந்த வீடியோ ஆட்டக் கைத்தொழிலின் இயல்புகளை முந்திய காலத்தின்மீது ஏற்றிக் கேட்கப்படுவன இவை. பின்வந்த வணிகப் பொருளின் சாயல் எந்த அளவுக்கு முன்னதில் தென்படுகின்றது எனத் தேடுவது வம்சாவளி தேடும் முயற்சியேயன்றி வரலாறாகாது. ஒரு படைப்பை அது பிறந்த சூழலில் வைத்து, அது யாரை நோக்கி எதைச் சொல்ல முயன்றது என வினவுவதே விமர்சனத்தின் முதற் பணியாகும். அவ்வாறு வினவுமிடத்து, கணித ஆட்டங்களை ஆதாரமாகக் கொண்ட அந்த ஆரம்பகால இயந்திரங்களைப் பொறுத்தவரை வேறொரு கேள்வி முதன்மை பெறும். தன்னோடு ஆடிய மனிதனைத் தோற்கடித்தபோது, அவ்வியந்திரம் தோல்வியின் காரணத்தையும் அவனுக்குக் காட்டியதா என்பதே அக்கேள்வி.

இதற்கு விடை காண்பதற்கு, அவ்வியந்திரங்களுள் முக்கியமான இரண்டு ஆடிய ‘நிம்’ என்னும் ஆட்டத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் வேண்டும். மேசைமீது தீக்குச்சிகள் சில குவியல்களாக வைக்கப்படும். ஆடுவோர் இருவர். தம் முறை வரும்போது ஒருவர் ஏதேனும் ஒரு குவியலிலிருந்து, ஒன்றுக்குக் குறையாமல், விரும்பிய எண்ணிக்கையான குச்சிகளை எடுக்கலாம். குவியல் முழுவதையும் எடுப்பதற்கும் தடையில்லை. கடைசிக் குச்சியை எடுப்பவர் வென்றவராவார். கடைசிக் குச்சியை எடுப்பவர் தோற்றவர் எனக் கொண்டு ஆடும் முறையும் உண்டு. தாயக்கட்டையோ சீட்டுக்கட்டோ இல்லாமையால் அதிட்டத்துக்கு இங்கு இடமில்லை. எதிராளியிடமிருந்து மறைக்கப்படும் செய்தியும் எதுவுமில்லை. எல்லாம் மேசைமீது வெளிப்படையாகக் கிடக்கவும், வெல்லும் வழி மாத்திரம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஹாவாட் பல்கலைக்கழகக் கணிதவியலாளரான சாள்ஸ் பூட்டன் 1901இல் வெளியிட்ட கட்டுரையே இவ்வாட்டத்தின் முழுமையான கோட்பாட்டை நிறுவியது. ‘நிம்’ என்னும் பெயரை இட்டவரும் அவரே.

பூட்டன் கண்ட விதி துவித எண்முறையை ஆதாரமாகக் கொண்டது. 3, 4, 5 குச்சிகளைக் கொண்ட மூன்று குவியல்கள் உள்ளனவென வைத்துக்கொள்வோம். துவித எண்முறையில் இவை முறையே 011, 100, 101 ஆகும். இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொரு நிரலிலும் 1 எத்தனை தடவை வருகின்றது என எண்ணுதல் வேண்டும். இடது நிரலில் இரண்டு, நடு நிரலில் ஒன்று, வலது நிரலில் இரண்டு. எல்லா நிரல்களிலும் இவ்வெண்ணிக்கை இரட்டையாக அமையும் நிலையை எதிராளிக்கு விட்டுவைப்பவர், பின்னர் பிழை விடாதவரை, தோற்பதில்லை. இங்கு நடு நிரலே குறையுடையது. 3 குச்சிகள் கொண்ட குவியலிலிருந்து 2 குச்சிகளை எடுத்துவிட்டால் எஞ்சுவன 1, 4, 5. அதாவது 001, 100, 101. இப்போது எல்லா நிரல்களும் சமநிலை பெற்றுவிட்டன. எதிராளி எதை எடுப்பினும் இச்சமநிலை குலைந்தே தீரும். குலைந்ததை மீளச் சமப்படுத்தும் வழியும் எப்போதும் இருந்தே தீரும். சிறிது நேரத்திற் கற்றுக்கொள்ளக்கூடிய இவ்விதியை அறிந்தவர், அறியாதவரை ஏறத்தாழ எப்பொழுதும் வெல்வார்.

துவித எண்முறைக்கும் மின்னாளிக்கும் உள்ள பொருத்தம் வெளிப்படை. ஆளி திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். எண் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்கும். ஓர் ஆட்டத்தை ஆடுவதற்கு வேண்டிய அறிவு முழுவதும் சில விதிகளாகச் சுருங்கிவிடுமாயின், அவ்விதிகளை ஆளிகளின் இணைப்பாக மாற்றுவது சாத்தியமே. 1912இல் ஸ்பானியப் பொறியியலாளர் ரொறெஸ் கெவேடோ அமைத்து, 1914இல் பாரிஸ் நகரிற் காட்டிய சதுரங்க இயந்திரம் இதற்கு நல்ல முன்னோடியாகும். அது முழுச் சதுரங்கத்தை ஆடவில்லை. அரசனும் கோட்டையும் கொண்டு எதிரியின் தனித்த அரசனை மடக்கும் இறுதிக் கட்டத்தை மட்டுமே ஆடியது. விதியாக எழுதிவிடக்கூடிய பகுதி எதுவோ அதனையே இயந்திரத்துக்கு ஒப்படைத்தல் என்னும் இந்நெறியே பின்வந்தோரையும் வழிநடத்தியது.

1940ஆம் ஆண்டில் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் மண்டபத்தில் ‘நிமற்ரோன்’ என்னும் இயந்திரம் வைக்கப்பட்டது. அதனை உருவாக்குவித்தவர் எட்வேட் கொண்டன் என்னும் பௌதிகவியலாளர். மின்காந்த ஆளிகளால் இயங்கிய அது ஏறத்தாழ ஒரு தொன் நிறையுடையது. நான்கு வரிசைகளில் ஏழேழு மின்குமிழ்கள் ஒளிர்ந்தன. ஆடுபவர் பொத்தானை அழுத்தித் தாம் விரும்பிய குமிழ்களை அணைத்தார். கண்காட்சிக் காலத்தில் ஏறத்தாழ 100,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன என்றும், அவற்றுள் 90,000 வரையிலானவற்றில் இயந்திரமே வென்றது என்றும் கூறப்படுகின்றது. அதனை வென்றவர்களுக்கு நினைவு வில்லை ஒன்று வழங்கப்பட்டது. இவ்வியந்திரத்தின் அமைப்பில் மனங்கொள்ளத்தக்க அம்சம் ஒன்றுண்டு. அதன் கணிப்பு நொடிப்பொழுதில் முடிந்துவிடுவது. எனினும் ஆடுபவர் மனங்குன்றாதிருக்கும் பொருட்டு, விடையைச் சில விநாடிகள் தாமதித்துக் காட்டுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் சிந்திக்கின்றது என்னும் மயக்கத்தை இத்தாமதம் தோற்றுவித்தது. கருணையாகத் தோன்றும் இவ்வேற்பாடு உண்மையில் இயந்திரத்தின் இயல்பை மறைக்கும் திரையாகவே அமைந்தது.

இம்மறைப்பு பத்தாண்டுகளின் பின் வேறொரு வடிவிலும் வெளிப்பட்டது. 1950இல் கனடாவின் ரொறொன்ரோ நகரில் நடைபெற்ற தேசியக் கண்காட்சியில் ஜோசெப் கேற்ஸ் என்னும் பொறியியலாளர் ஏறத்தாழ 4 மீற்றர் உயரமான இயந்திரமொன்றைக் காட்சிக்கு வைத்தார். ‘மூளைக்காரன் பேர்ட்டி’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. அது ஆடியது பூச்சியமும் புள்ளடியும். தாம் உருவாக்கிய புதுவகை வெற்றிடக் குழாயைப் பிரபலப்படுத்துவதே கேற்ஸின் நோக்கம். ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. நகைச்சுவை நடிகர் டனி கே பலமுறை தோற்று, கடினம் குறைக்கப்பட்ட பின்னரே வெற்றி பெற்றார். இங்கு வெற்றியும் தோல்வியும் ஆடுபவரின் அறிவைப் பொறுத்தனவாயிராது, திருகியைத் திருப்புபவரின் விருப்பைப் பொறுத்தனவாயின. கண்காட்சி முடிந்ததும் இயந்திரம் கழற்றப்பட்டது. புதிய குழாயும் சந்தையில் நிலைபெறவில்லை.

இவ்விரண்டோடும் ஒப்புநோக்கும்போதே 1951இல் இலண்டனில் தோன்றிய ‘நிம்ரொட்’ இயந்திரத்தின் தனித்துவம் புலனாகும். போரின் அழிவிலிருந்து முற்றாக மீளாத, பங்கீட்டு முறை இன்னும் நீங்காத பிரித்தானியாவில், அன்றைய தொழிற்கட்சி அரசாங்கம் நாடு தழுவிய விழாவொன்றை ஒழுங்கு செய்தது. மக்களுக்கு விஞ்ஞானத்தை அறிமுகஞ் செய்யும் கண்காட்சி தென் கென்சிங்ரன் பகுதியில் அமைந்தது. அதில் முக்கிய காட்சிப்பொருளொன்றை வைப்பதற்குப் பெராண்ரி நிறுவனம் பொறுப்பேற்றிருந்தது. அந்நிறுவனத்திற் பணியாற்றிய அவுஸ்திரேலியரான ஜோன் பென்னற், நிமற்ரோனின் முன்மாதிரியை நினைவிற் கொண்டு, நிம் ஆடும் இலத்திரனியற் கணனியொன்றை அமைக்கலாம் என ஆலோசனை கூறினார். 480 வெற்றிடக் குழாய்களைக் கொண்டதாய், 12 அடி அகலமும் 9 அடி ஆழமும் 5 அடி உயரமும் உடையதாய் அமைந்த அவ்வியந்திரம் 1951 மே மாதத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது.

நிம்ரொட் நிம் ஆட்டத்தைத் தவிர வேறெதையும் செய்ய வல்லதன்று. எனினும் அதன் முகப்பை வடிவமைத்த முறையிலேயே அதன் கருத்து தங்கியுள்ளது. ஆட்டத்தின் நிலையைக் காட்டும் மின்குமிழ்களோடு, இயந்திரம் நடத்தும் கணிப்பைக் காட்டும் குமிழ்களும் முகப்பில் வைக்கப்பட்டிருந்தன. கணிப்பின் வேகத்தைக் குறைத்து, அது படிப்படியாக நிகழ்வதைக் காணச் செய்யலாம். விளக்கிக் கூறுவதற்கு ஒருவர் அருகில் நின்றார், விளக்கப்படமொன்றும் இருந்தது, கணனியின் இயக்கத்தையும் நிம்மின் கோட்பாட்டையும் விவரிக்கும் கைநூலொன்றும் ஒரு சிலிங் ஆறு பென்சுக்கு விற்கப்பட்டது. நிமற்ரோனும் வேகத்தைக் குறைத்தது; நிம்ரொட்டும் குறைத்தது. முன்னது சிந்திப்பதுபோல் நடிப்பதற்காகத் தாமதித்தது. பின்னது தான் செய்வதென்ன என்பதைக் காட்டுவதற்காகத் தாமதித்தது. வெளித்தோற்றத்தில் ஒன்றேயான இச்செயல், நோக்கத்தில் எதிரெதிர்த் திசைகளிற் செல்வது விமர்சகரின் கவனத்துக்கு உரியது.

இயந்திரங்களை ஆட்டம் ஆடச்செய்வது வீண்வேலையன்றோ என்னும் ஐயத்துக்கும் அக்கைநூல் விடையளித்தது. சிக்கலான ஆட்டமொன்றை ஆட வல்ல இயந்திரம் சிக்கலான நடைமுறைப் பிரச்சினைகளையும் தீர்க்க வல்லதாகும் என்பதே அவ்விடையின் சாரம். ஆட்டம் ஓர் எடுத்துக்காட்டு, பொருள் கணித்தல். அவ்வகையில் நிம்ரொட் ஒரு பாடநூலின் பண்பைப் பெற்றிருந்தது எனலாம்.

ஆயின், பாடம் கற்பிக்கப்பட்டதாற் கற்கப்பட்டது எனக் கொள்ளல் பொருந்தாது. வந்தோருட் பெரும்பாலோர் இயந்திரத்தின் கணிதத்தைவிட அதனை வெல்வதிலும், வெல்ல முயல்வோரை வேடிக்கை பார்ப்பதிலுமே ஆர்வங் காட்டினர். ‘இலத்திரன் மூளை’ என்னும் தொடர் செய்தித்தாள்களில் வழக்கூன்றியிருந்த காலம் அது. மூளை என்று அழைக்கப்பட்டதன் முன்னால் வியப்போடும் ஒருவகை அச்சத்தோடும் மக்கள் நின்றனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் பேர்லின் கைத்தொழிற் கண்காட்சிக்கு அவ்வியந்திரம் கொண்டு செல்லப்பட்டபோது, மேற்கு ஜேர்மனியின் பொருளாதார அமைச்சர் லூட்விக் ஏர்ஹாட் அதனுடன் மூன்று ஆட்டங்கள் ஆடி மூன்றிலும் தோற்றார். இச்செய்தி பரவிய அளவுக்குத் துவித நிரல்களின் சமநிலை பற்றிய செய்தி பரவவில்லை. அமைச்சர் தோற்றது மூளையிடமன்று. ஐம்பது ஆண்டுகளாக அச்சில் இருந்த கட்டுரையொன்றின் விதியிடமே அவர் தோற்றார்.

1961இல் வெளிவந்த அலன் றெனே என்பாரின் ‘கடந்த ஆண்டு மரியன்பாத்தில்’ என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் இதே ஆட்டத்தைக் கையாண்ட விதம் இங்கு ஒப்பிடத்தக்கது. ஆடம்பர விடுதியொன்றில் ஒரு மனிதர் 1, 3, 5, 7 என அடுக்கிய பொருள்களைக் கொண்டு நிம் ஆடி எல்லோரையும் வெல்கின்றார். சூழ நிற்போர் ஆளுக்கொரு காரணம் கூறுகின்றனர். அவ்வெண்களைத் துவிதத்தில் எழுதிப் பார்ப்போர், எல்லா நிரல்களும் முதலிலேயே சமநிலையில் இருப்பதையும், எனவே முதலில் ஆடத் தொடங்குபவர் விதியறிந்த எதிராளியிடம் தோற்பது உறுதி என்பதையும் காண்பர். படத்தில் அவ்விளக்கம் எவருக்கும் கிட்டுவதில்லை. அம்மனிதரின் அதிகாரத்துக்கு அம்மறைப்பே துணைநிற்கின்றது. அறிந்ததை ஒளித்துவைப்பவன் மேதையாகத் தோன்றுவான். அதனை வெளியிட்டவன் ஆசிரியனாவான். கண்காட்சி இயந்திரங்களையும் இவ்வேறுபாடு கொண்டே பகுத்து நோக்கலாம்.

நிம்ரொட்டின் பின்னர் ஆட்டங்கள் தனி இயந்திரங்களிலிருந்து பொதுக் கணனிகளின் செய்நிரல்களுக்கு இடம்பெயர்ந்தன. கேம்பிரிட்ஜில் டக்ளஸ் தம் கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருட்டு ‘எட்சாக்’ கணனியில் இயற்றிய ஆட்டம் மனிதனுக்கும் கணனிக்கும் இடையிலான தொடர்பை ஆராயும் கருவியாக அமைந்தது. ஆடுபவர் தொலைபேசியின் சுழல்தட்டைச் சுழற்றித் தம் கட்டத்தைத் தெரிவித்தார்; 35 நிரல்களும் 16 நிரைகளும் கொண்ட புள்ளித் திரையில் பூச்சியங்களும் புள்ளடிகளும் தோன்றின. பாடசாலை ஆசிரியராயிருந்த கிறிஸ்ரோபர் ஸ்ரேச்சி ‘ட்ராப்ட்ஸ்’ எனப்படும் பலகையாட்டத்துக்கு ஒரு செய்நிரல் எழுதினார். 1951இல் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் கணனியில் அதனை இயக்க முயன்றபோது நினைவகம் போதவில்லை. 1952இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பெராண்ரிக் கணனியில் அது முழு ஆட்டம் ஆடியது.

ஸ்ரேச்சியின் ஆட்டத்தோடு ஓர் எல்லை கடக்கப்பட்டது. ட்ராப்ட்ஸுக்கோ சதுரங்கத்துக்கோ பூட்டனின் விதிபோன்ற முழுமையான விதி அன்று இருக்கவில்லை. சதுரங்கத்தின் சாத்தியமான ஆட்டங்களின் தொகை 1ஐ அடுத்து 120 பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணளவு பெரிதாகும் என 1950இல் குளோட் ஷனன் மதிப்பிட்டுக் காட்டினார். எனவே எதிர்வரும் நகர்வுகளுட் சிலவற்றைப் பார்த்து, நிலையின் நன்மை தீமைகளுக்குப் புள்ளியிட்டு, உத்தேசமாக முடிவெடுக்கும் முறையே கைக்கொள்ளப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆதர் சாமுவேல் 1959இல் வெளியிட்ட கட்டுரை மேலும் ஒரு படி சென்றது. அவருடைய ட்ராப்ட்ஸ் செய்நிரல் தான் இடும் புள்ளிகளின் நிறையைத் தன் அனுபவத்தைக் கொண்டு தானே திருத்திக்கொண்டது. தன்னை இயற்றியவரைவிட நன்றாக ஆடவும் கற்றுக்கொண்டது. பொறியியலின் நோக்கில் இது மாபெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தோற்றவர் ‘நான் ஏன் தோற்றேன்?’ என வினவுவாராயின், அவருக்குக் காட்டுவதற்கு எண்களின் பட்டியலொன்றே எஞ்சியது.

இவ்விடத்து எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. விதி முற்றாக விளங்கிய ஆட்டம் செத்த ஆட்டமன்றோ? நிம்மின் இரகசியம் அறிந்த இருவர் ஆடுவாராயின், முதற் குச்சியை எடுக்குமுன்பே முடிவு தெரிந்துவிடும். ஆடுவதற்கு அங்கு என்ன இருக்கின்றது? இவ்வாட்சேபம் வலுவுடையதே. விளக்கம் வந்ததும் வியப்பு குறைகின்றது. ஆனால் அறிவு அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. 1935இல் ஸ்பிறாக்கும், 1939இல் அவரிற் சாராது கிறண்டியும், இருவருக்கும் ஒரேவகை நகர்வுகள் உரியனவாயும், கடைசி நகர்வைச் செய்பவரே வெல்பவராயும் உள்ள முடிவுறு ஆட்டங்கள் யாவும் நிம் குவியலொன்றுக்கு ஒப்பானவை என நிறுவினர். ஓர் ஆட்டத்தின் மரணம் எண்ணற்ற ஆட்டங்களைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாயிற்று. நிம்ரொட்டை வெல்லக் கற்றவர் இழந்தது ஒரு பொழுதுபோக்கை. பெற்றது அதனினும் பெரிது.

நிம்ரொட்டின் மரபு முற்றாக அற்றுப்போகவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1973இல் டேவிட் ஆல் என்பவர் தொகுத்து வெளியிட்ட பேசிக் மொழிக் கணனி ஆட்டங்களின் நூலில் 101 ஆட்டங்களின் செய்நிரல்கள் வரிவரியாக அச்சிடப்பட்டிருந்தன. நிம்மும் அவற்றுள் ஒன்று. வாசகர் அவ்வரிகளைத் தாமே கணனியில் தட்டெழுதி ஆடினார். தம்மைத் தோற்கடிக்கவிருக்கும் எதிராளியின் உள்ளத்தை முதலில் வரிவரியாக வாசிக்க நேர்ந்த வாசகர் அவர். வேண்டுமாயின் அதனை மாற்றவும் அவரால் இயன்றது. தென் கென்சிங்ரனில் விளக்குபவர் ஒருவர் செய்ய முயன்றதை, இங்கு அச்செழுத்து செய்தது.

இன்றைய நிலையோ வேறு. 1997இல் ‘டீப் புளூ’ சதுரங்க வாகையர் கஸ்பரோவை வென்றது. 2007இல் ஜொனதன் ஷேபரும் அவர்தம் குழுவினரும், இருவரும் பிழையின்றி ஆடினால் ட்ராப்ட்ஸ் சமநிலையில் முடியும் என நிறுவினர். அந்நிறுவல் 1989 முதல் நடந்த கணிப்பின் பயன். ஆட்டம் தீர்க்கப்பட்டுவிட்டது, ஆனால் அத்தீர்வைப் பூட்டனின் விதிபோலக் கரும்பலகையில் எழுதிக் காட்ட எவராலும் இயலாது. 2016இல் ‘அல்பாகோ’ கோ ஆட்டத்தின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவரான லீ செடோலை ஐந்தில் நான்கு ஆட்டங்களில் வென்றது. அதன் நகர்வுகள் சிலவற்றைக் கண்டு வல்லுநரே திகைத்தனர். ஆட்டப் பலகையோடு இவ்வகை இயந்திரங்கள் நிற்பதில்லை என்பதே இங்கு கவலைக்குரியது. மனிதரின் விண்ணப்பங்களையும் தகுதிகளையும் தரப்படுத்தும் பணிகளிலும் அவை ஈடுபடுத்தப்படுகின்றன. அங்கு தோற்பவர் காரணம் கேட்கும் உரிமையுடையவர். அவருக்குக் காரணம் கூறும் கடப்பாடு எவரிடம் உள்ளது என்பது இன்னும் வாதத்துக்குரியதாகவே இருக்கின்றது.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போது, ஆரம்பகாலக் கணித ஆட்ட இயந்திரங்களைப் பிற்காலக் கேளிக்கைச் சாதனங்களின் குழந்தைப் பருவமாக மட்டும் காண்பது அவற்றுக்கு நியாயஞ் செய்வதாகாது. மறைத்து வியக்கவைத்தல், விளக்கி அறியவைத்தல் என்னும் இரு போக்குகளும் அவற்றிலேயே கருக்கொண்டிருந்தன. நிம்ரொட் திறமையிற் சிறியது. ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் அறிந்தது. சில மாதங்களிற் கழற்றப்பட்டு உரிய இடந்தெரியாது போனது. எனினும் தான் வென்ற மனிதனை, அடுத்த முறை தன்னை வெல்லக்கூடியவனாக மாற்ற முயன்ற இயந்திரம் அது. அதன் முன் நின்றோருட் பெரும்பாலோர் குமிழ்களைப் பார்த்தனரேயன்றி, கணிப்பைப் பார்க்கவில்லை. அக்குறை இயந்திரத்தைச் சார்ந்ததன்று. காரணம் காட்டும் கருவியை ஆக்குவது ஒருவகைக் கல்வியாயின், காரணம் கேட்கும் மனிதரை ஆக்குவது மற்றொருவகைக் கல்வியாகும். முன்னதை ஒரு நிறுவனம் 1951இல் ஓரளவு செய்து காட்டியது. பின்னது பல்கலைக்கழகங்களின் பொறுப்பாகவே இன்றும் எஞ்சியுள்ளது.